தொதலும் மஞ்சுவும் பத்து முட்டையும்

அம்மாவுக்குப் பல்லி என்றால் ஒன்றில் சகுனம், இல்லாவிட்டால் அருவருப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் முகட்டில் பல்லி சொன்னால், பேசிக்கொண்டிருந்த பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு விரலை மடக்கி மேசையில் மூன்று தரம் தட்டுவார், எந்தத் திசையில் இருந்து சொன்னது, இன்றைக்கு என்ன கிழமை என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து முடிந்த பிறகுதான் பேச்சு தொடரும். இங்கே கனடாவில், ஏஜாக்ஸில் எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஏது, இந்தக் குளிருக்கு அது எப்படி உயிர் பிழைக்கும், ஆனாலும் ஹீற்றர் குழாய் எங்கேயாவது 'டிக்' என்றால் இன்னமும் அவருடைய விரல் தன்பாட்டில் மடங்கும். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டுக்குள், 2020 கோடையில், எல்லாரும் அடைபட்டுக் கிடந்த நேரத்தில், மகளின் ஆக்கினை தாங்காமல் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக் குஞ்சொன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. மகள் மஞ்சு என்று பெயர் வைத்தாள். அம்மா இரண்டு வாரம் அந்த அறைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் கதவு நிலையில் நின்றபடி, "உது சுவரில ஏறாதோ?" என்று கேட்டார். ஏறாது. நம் வீட்டுப் பல்லிக்குக் காலடியில் இருக்கிற அந்த ஒட்டுத் தகடு இதற்குக் கிடையாது, நகம் மட்டும்தான், அதனால் தொட்டியின் கண்ணாடிச் சுவரைக் கூட இதனால் தாண்ட முடியாது. இன்னொன்று, இதற்கு இமை இருக்கிறது. வீட்டுப் பல்லி நாக்கால் கண்ணை நக்கித் துடைக்கும், இது நம்மைப் போலக் கண்ணை மூடித் திறக்கும், நித்திரை கொள்ளும்போது இமையை மூடிக்கொண்டு படுக்கும். அந்த இமைதான் அம்மாவை மெல்ல மெல்ல மாற்றியது என்று நினைக்கிறேன். கண்ணை மூடித் தூங்குகிற ஒன்றைக் கனநாளைக்கு அருவருக்க முடியாது போலும்.

இது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலை ஆகிய இடங்களின் வறண்ட கல்நிலத்துப் பிராணி. 1854ல் இதை விவரித்துப் பெயர் வைத்த எட்வர்ட் பிளைத் அப்போது கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "அப்ப எங்கட பக்கத்து ஆள்தான்" என்றார் அம்மா. ஆயிரக்கணக்கான கிலோமீற்றரை ஒரு வசனத்தில் தாண்டிவிட்டார், நான் மறுக்கவில்லை.

குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து வந்த ஆசை, அவ்வளவுதான், பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது. 2021 செப்ரெம்பரில் ஹமில்ரன் பக்கம் வீட்டில் வைத்து வளர்க்கிற ஒருவரிடம் போய் ஒரு ஆணை வாங்கினேன். ஆண் என்பதை அடிவயிற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பின்கால்களுக்கு நடுவே ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வரிசையாக மெழுகு அடைத்த துளைகள் இருக்கும், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்பு. இவன் ட்ரெம்பர் அல்பினோ வகை, உடம்பில் கறுப்பே இல்லை, கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பு. பார்க்க அசல் தொதல் பலகாரத் துண்டு. பெயரும் அதுவாகவே அமைந்துவிட்டது.

வாங்கும்போது தாய் தகப்பன் யார், அவற்றுக்கு வருத்தம் ஏதும் இருந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே நின்றதைப் பார்த்து, கூட வந்த என் மனுசி "பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தா. கேட்காமல் இருக்க முடியாது. இந்த வளர்ப்பு உலகத்தில் அழகுக்காகச் செய்த அநியாயங்கள் உண்டு. எனிக்மா என்று ஒரு வகை, புள்ளியெல்லாம் அள்ளித் தெளித்த மாதிரி மிக வடிவு, ஆனால் அந்த மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது, தலையைச் சரித்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றும், இரையைக் குறிபார்த்துக் கடிக்க முடியாது. லெமன் ஃபுரொஸ்ற் என்று இன்னொன்று, எலுமிச்சை நிறம், அதில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டி வருகிறது. 2021ல்தான் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் அதற்குக் காரணம் ஸ்பின்ற்1 என்ற மரபணுவின் பக்கம் இருப்பதாகக் கண்டுபிடித்து எழுதினார்கள். நிறத்தையும் கட்டியையும் பிரிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் விற்கிறவர்கள் விற்கத்தான் செய்தார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

தொதலை மூன்று மாதம் வேறு அறையில் வைத்திருந்தேன். எச்சத்தைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் கொடுத்து, கிரிப்ரோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தோம். அது வந்தால் வால் குச்சியாக வற்றிப்போகும், இலகுவில் மாறாது, ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். இல்லை என்று வந்தது. பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை வைத்ததற்கு வாங்கிய ஏச்சு தனிக் கதை.

2022 பெப்ரவரியில் சோடி சேர்த்தேன். மஞ்சு 58 கிராம், தொதல் 71. பெண்ணுக்குக் குறைந்தது ஒரு வயதும் 45 கிராமும் ஆவது இருக்க வேண்டும் என்பார்கள், அவளுக்கு இரண்டும் தாராளம். அவளை அவனுடைய பெட்டியில் விட்டேன். முதல் இரண்டு தரமும் அவள் வாலைத் தூக்கி மெதுவாக ஆட்டி, கிட்ட வராதே என்றாள், எடுத்துவிட்டேன். மூன்றாவது தரம் அவன் வாலை நிலத்தில் வைத்து அதிரவிட்டான் பாருங்கள், பிளாஸ்ரிக் பெட்டி முழுக்க டர்ர்ர் என்று, பக்கத்து அறையில் இருந்த மகள் போன் அடிக்கிறதாக்கும் என்று எழும்பி வந்துவிட்டாள். பிறகு கழுத்தைக் கடித்துப் பிடித்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. மகளுக்கு "விளையாடினம்" என்று சொன்னேன், அவள் "அப்பா, எனக்கு ஒன்பது வயசு" என்றாள்.

அவனை அத்தோடு பிரித்துவிட்டேன். ஒருமுறை சேர்ந்தால் போதும், பெண் அந்த விந்தை உடம்புக்குள் சேமித்துவைத்து அந்தப் பருவம் முழுக்க இரண்டிரண்டாக முட்டை இட்டுக்கொண்டே போகும். அதை நான் வாசித்திருந்தேன். வாசித்தது வேறு, அதன் அர்த்தம் மண்டைக்குள் இறங்கியது வேறு, அதற்கு ஜூன் மாதம் வரை பிடித்தது.

முட்டையிட ஒரு ஐஸ்கிறீம் பெட்டி, மூடியில் அவள் நுழைகிற அளவுக்கு ஓட்டை, உள்ளே நாலு விரல் உயரத்துக்கு ஈரத் தும்புத்தூள். கட்டியாக அமுக்கி விற்கிற அந்தத் தும்புத்தூளைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்துத் தந்தது அம்மா. பொதியில் ஸ்ரீலங்காவில் செய்தது என்று போட்டிருந்ததை வாசித்துவிட்டு, "தேங்காய்க்கும் விசா கிடைச்சிருக்கு" என்றார்.

முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கிற இன்கியுபேற்றர் பெட்டியை நானே செய்தேன். மார்க்கம் நகரில் எங்கள் ஆட்களின் மீன் கடை ஒன்றில் மீன் வந்த ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியைச் சும்மா தந்தார்கள், நாலு தரம் வினாகிரி போட்டுக் கழுவினேன், அப்படியும் மூடியைத் திறந்தால் முதல் மூச்சு விளைமீன்தான். அடியில் சூட்டு வயர், அதற்கு மேல் தண்ணீர்ப் போத்தல்கள், அதற்கு மேல் கம்பி வலை, சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு நல்ல தேர்மோஸ்ரற். இதில் மட்டும் காசைப் பார்க்கவில்லை, ஏனென்றால் இந்தப் பிராணியில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது பெட்டியின் சூடு. 26, 27 பாகையில் வைத்தால் அநேகமாக எல்லாம் பெண். 32க்குக் கிட்ட வைத்தால் பெரும்பாலும் ஆண். இன்னும் கூட்டி 34க்கு மேலே போனால் திரும்பவும் பெண், ஆனால் அந்தச் சூட்டில் பிறந்த பெண்களுக்குக் குணம் கொஞ்சம் முரடு. ஆண்களை ஒரே பெட்டியில் வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும், பெண் என்றால் ஆட்களுக்குக் கொடுப்பதும் சுலபம். 27 என்று வைத்தேன். பொரிக்க அண்ணளவாக இரண்டு மாதம் பிடிக்கும். அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட காலத்தில பொம்பிளைப் பிள்ளை பிறந்தா தாயைத்தான் ஏசினவை" என்றார்.

மார்ச் 19 காலை மஞ்சு பெட்டிக்குள் இருந்து மெலிந்துபோய் வந்தாள். கால் நகமெல்லாம் தும்பு. கரண்டியால் மெதுவாகக் கிளறினேன், வெள்ளையாக இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம் இருக்கும். கோழி முட்டை மாதிரி ஓடு இல்லை, காகிதமும் தோலும் சேர்ந்த மாதிரி ஒன்று, விரலுக்கு லேசாகக் கொடுக்கும். உருட்டக் கூடாது. இட்டு ஒரு நாளுக்குள் கரு மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு புரட்டினால் செத்துப்போகும், அதனால் பென்சிலால் உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலேயே இருக்கிற மாதிரி வேர்மிகியூலைற் என்ற, ஈரம் பிடிக்கிற கனிமத் துகளில் பாதி புதைத்து வைத்தேன். வேர்மிகியூலைற் எத்தனை கிராமோ அத்தனை கிராம் தண்ணீர். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு துளி சொட்டலாம், ஒழுகக் கூடாது. புட்டு மாவு பதம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

பத்து நாளில் இரண்டும் மஞ்சளாகி, நடுவில் குழி விழுந்து, பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. முதல் சோடி இப்படிப் போவது வழமை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கென்னவோ மூன்று நாள் மனம் சரியில்லை.

ஏப்ரல் 8 இரண்டாவது சோடி. ஒரு கிழமை கழித்து இரவில் லைற்றையெல்லாம் அணைத்து, போன் வெளிச்சத்தை முட்டையின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனாலும் நேரே பார்ப்பது வேறு. உள்ளே முழுக்க ரோசா நிறம், உச்சியில் ஒரு சிவப்பு வட்டம், அதிலிருந்து மயிர் மாதிரி நரம்புகள். மகளை எழுப்பிக் காட்டினேன். மனுசியை எழுப்பிக் காட்டினேன், "நாளைக்கு வேலை" என்றா. அம்மா எழும்பித்தான் இருந்தார். போனைத் தானே வாங்கிப் பிடித்துப் பார்த்தார். "ரத்தம் ஓடுது" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29 மூன்றாவது சோடி. மே 20 நாலாவது. அடுத்த நாள், மே 21, சனிக்கிழமை, விக்ரோரியா தின நீண்ட வார இறுதி, மதியம் ஒரு மணி போல வீட்டிலிருந்த போனெல்லாம் ஒன்றாக அலறின. ஒன்ராறியோவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், டெரெச்சோ என்று ஒரு புயல், ஒரு மணித்தியாலம் கூட இல்லை, மரங்களைப் பிடுங்கி வீதிக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போய்விட்டது. எங்களுக்கு வடக்கே அக்ஸ்பிரிட்ஜில் கூரைகளே போயின. எங்கள் தெருவில் வேலிதான் விழுந்தது, ஆனால் கரண்ட் போய்விட்டது.

பெட்டிக்குள் ஆறு முட்டை. இரண்டுக்கு 43 நாள், இரண்டுக்கு ஒரு நாள். முதல் இரண்டு மணித்தியாலம் பெட்டி தாக்குப்பிடித்தது, மீன்பெட்டி என்றால் சும்மாவா, ஐஸைக் காக்கத் தெரிந்தது சூட்டையும் காக்கும். இரவு எட்டு மணிக்கு 24 பாகை, பிறகு 23. வெளியே குளிரத் தொடங்கியிருந்தது. எனக்குப் பதற்றம். காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் கொளுத்தித் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு போத்தலில் ஊற்றித் துவாயில் சுற்றி உள்ளே வைத்து, மேலே கம்பளி போட்டு மூடினேன். அரை மணி கழித்துத் திறந்தால் தேர்மோமீற்றர் 33 காட்டுகிறது. 35ஐத் தாண்டினால் கதை முடிந்தது, குளிர் கொல்ல முதல் சூடு கொன்றுவிடும். போத்தலை வெளியே இழுக்கிற அவசரத்தில் கையும் சுட்டுக்கொண்டது, முட்டைப் பெட்டி ஒன்றின் மூலையும் இடித்தது.

அம்மா மெழுகுதிரியோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி உப்பிடி அந்தரப்படுறாய். அடைகாக்கிற கோழியும் எழும்பி மேயப் போறதுதானே. அது வந்து திரும்பக் குந்தும். கொஞ்சநேரம் குளிர்ந்தா ஒண்டும் ஆகாது, நீ அவிக்காமல் இருந்தாச் சரி."

உண்மை அதுதான். கொஞ்சம் குளிர்ந்தால் வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவே. பிறகு கொதிநீரை விட்டுவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் ஒரே ஒரு போத்தல், இரண்டு மணிக்கு ஒருதரம் மாற்றினேன். இரவில் ஒரு முறை நானும் மறு முறை அம்மாவும். ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பிரிட்ஜ் உறுமிய சத்தம் கேட்டபோது இரண்டு பேரும் சோபாவில் இருந்தபடியே நித்திரை.

ஜூன் தொடக்கத்தில்தான் அடுத்த சிக்கல். எனக்கு ஒரு கொப்பி இருந்தது, ஒவ்வொரு முட்டைக்கும் திகதி, நிறை, சூடு எல்லாம் அதில். மஞ்சுவின் நிறையையும் எழுதுவேன், சமையலறைத் தராசில் யோகட் பெட்டியை வைத்து அதற்குள் அவளை விட்டு. ஜூன் 5, 54 கிராம். 58ல் தொடங்கி நாலு சோடி இட்டும் 54 என்றால் நல்லது என்று எனக்குச் சந்தோசம். அம்மா தேத்தண்ணிக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவளின்ர வாலைப் பாத்தியே?" என்றார்.

பார்த்தேன். கொழுப்பைச் சேமிக்கிற வால் அது, நல்ல நாளில் கழுத்தை விடத் தடிப்பாக இருக்கும். இப்போது நடு எலும்பின் கணு தெரிகிறது. வயிற்றைத் திருப்பினால் தோலுக்குக் கீழே இரண்டு வெள்ளை உருண்டை, ஐந்தாவது சோடி. தராசு முட்டையையும் சேர்த்து நிறுத்திருக்கிறது. ஜூன் 12 அவள் அதையும் இட்ட பிறகு நிறுத்தபோது 46.

"பிள்ளை பெத்த உடம்பு. எங்கட ஊரில எண்டா சரக்கு அரைச்சு, மீன் போட்டுக் காய்ச்சி, முப்பத்தொண்டு கழியுமட்டும் ஒருத்தரும் வேலை செய்ய விடாயினம். நீ முட்டையைப் பாத்துக்கொண்டிருக்கிறாய், பெத்தவளை ஆர் பாக்கிறது?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கொப்பியில் முட்டைக்கு ஆறு பக்கம், அவளுக்கு ஒரு ஓரம்.

அன்றிலிருந்து மஞ்சுவுக்குப் பத்தியம். சில்வண்டுகளுக்கே முதலில் கரட்டும் கீரையும் கொடுத்துக் கொழுக்க வைத்து, பிறகு கல்சியமும் விற்றமின் டி3யும் கலந்த மாவில் புரட்டிப் போடுவது, விபூதி பூசின மாதிரி வெள்ளையாக ஓடும். முட்டை ஓட்டுக்கான கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்துதான் எடுக்கிறாள், அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கால் வளையும், முட்டை உள்ளே அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகும். இடைக்கிடை மெழுகுப்புழு, அது அவளுக்குப் பலகாரம் மாதிரி, கூடக் கொடுத்தால் வேறு சாப்பாட்டைத் தொடமாட்டாள். சில்வண்டுப் பெட்டியை அம்மா பொறுப்பெடுத்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரவில் தப்பிய இரண்டு பேஸ்மன்றில் இருந்து கத்தும்போது, "ஊரில படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். மனுசிக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறாவது சோடி வந்துவிடுமோ என்று ஜூலை முழுக்கப் பயந்தேன். வரவில்லை.

இதற்கு நடுவே ஜூன் 8 இரவு, ஏப்ரல் முட்டை இரண்டில் ஒன்றில் வியர்த்த மாதிரி நீர்முத்து. அதுவரை விம்மிக்கொண்டிருந்தது, கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தது. காலையில் பார்த்தால் ஓட்டில் ஒரு கீறல், கீறலில் ஒரு மூக்கு. மூக்கு நுனியில் இருக்கிற சின்னப் பல்லால் கீறிவிட்டு, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருக்கும், அப்போது கை வைக்கக் கூடாது, மிச்ச மஞ்சட்கருவை உடம்பு உறிஞ்சுகிற நேரம் அது. நான் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு ஒரே உந்தலில் முழுதாக வெளியே வந்து விழுந்தது. 62 நாள். மூன்று கிராம். லெப்பர்ட் கெக்கோக் குஞ்சுக்குப் புள்ளி இருக்காது, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைதான், வளர வளரத்தான் அது உடைந்து புள்ளியாகும். ஆனால் இதில் கறுப்புப் பட்டையே இல்லை, வெளிறிய ரோசாவும் பழுப்பும். குளிரில் ஏதோ ஆகிவிட்டது, புயல்தான் காரணம் என்று நெஞ்சு திக்கென்றது.

பிறகுதான் உறைத்தது. அல்பினோ. தகப்பன் ட்ரெம்பர் அல்பினோ, அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் குஞ்சில் தெரியும். அப்படியென்றால் சாதாரணமாகத் தெரிகிற மஞ்சுவுக்குள் அது ஒற்றையாக மறைந்து இருந்திருக்கிறது, வாங்கினபோது விற்றவருக்கும் தெரியாது. இதில் அல்பினோ மூன்று பரம்பரை உண்டு, ட்ரெம்பர், பெல், ரெயின்வோட்டர், மூன்றும் வேறு வேறு மரபணு, கலந்தால் குஞ்சு அல்பினோவாக வராது. அவள் உள்ளே வைத்திருந்ததும் தொதலுடையதும் ஒன்றாக இருந்தது தற்செயல்.

அம்மா கிட்டப்போய்க் குனிந்தார். அந்த மூன்று கிராம் பிராணி நாலு காலிலும் எழும்பி, முதுகை வில்லாக வளைத்து, வாயை ஆவென்று திறந்து ஒரு கத்துக் கத்தியது. அம்மா இரண்டடி பின்னால் போனார். அவருடைய விரல் மடங்கி இன்கியுபேற்றர் மூடியில் மூன்று தரம் தட்டியது.

அதே சோடியில் மற்ற முட்டை வியர்க்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். வெட்டிப் பார்க்கலாமா என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன், அவசரப்பட்டு வெட்டினால் இரத்தக்குழாயை வெட்டிவிடுவோம். ஐந்தாம் நாள் முட்டை சுருங்கி மணக்கத் தொடங்கிய பிறகு திறந்தேன். முழுக் குஞ்சு. பட்டை, விரல்கள், நகம், இமை எல்லாம் இருந்தன, இது கறுப்பு மஞ்சள். ஏன் என்று தெரியாது. அன்று இரவு நான் இடித்த மூலை இந்தப் பெட்டியினுடையதுதான், ஆனால் பக்கத்தில் இருந்தது பிழைத்ததே. பின்வளவில் ரோசாச் செடிக்குக் கீழே மகளும் அம்மாவும் புதைத்தார்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மற்றவை ஒழுங்காக நடந்தன, அதனால் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாவது சோடியில் இரண்டு, நாலாவதில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று வெறும் முட்டை, ஒன்று குஞ்சு. பத்து முட்டையில் ஆறு குஞ்சு, அதில் இரண்டு அல்பினோ. பிறந்து ஒரு நாளில் முதல் தோலை உரித்து அதைத் தானே தின்னும், அதுதான் முதல் சாப்பாடு, மூன்றாம் நாளிலிருந்து நகத்தளவு சில்வண்டு. ஆறுக்கும் ஆறு பெட்டி, ஒன்றாக விட்டால் வாலைக் கடிக்கும். ஆறு தண்ணீர் மூடி, ஆறு ஒளிப்பிடம், தினமும் ஆறு ரிசுக் கடதாசி மாற்ற வேண்டும். முட்டைக் காலம் எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டை சாப்பிடாது.

இரண்டு மாதம் கழித்து 80 டொலர் என்று போட்டு இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். செலவுக் கணக்கை மனுசிக்கு முன்னால் கூட்டவில்லை, தேர்மோஸ்ரற் காசுகூட வராது. இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டவருக்கும், மகனின் பிறந்தநாளுக்கு இன்று பின்னேரமே வேண்டும், தொட்டி பிறகு வாங்கலாம் என்றவருக்கும் இல்லை என்றேன். இது பதினைந்து இருபது வருசம் இருக்கும், பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போதும் யாரோ புழு போட வேண்டும். ஒருவர் கோபித்து, பல்லிக்கு இவ்வளவு கதையா என்று எழுதினார். மூன்று நல்ல இடத்துக்குப் போயின. ஒன்று வேலை இடத்துச் சிநேகிதருக்குச் சும்மா கொடுத்தேன், இன்னொன்று மகளின் வகுப்பாசிரியை வீட்டுக்கு. முதல் பிறந்த அல்பினோவைக் கொடுக்க மகள் விடவில்லை. பெயர் புயல்.

ஒக்ரோபரில் மஞ்சு 61 கிராம், வாலும் பழைய வால். வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இந்தப் பெப்ரவரியில் ஒருநாள் காலை, டர்ர்ர். தொதல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்துவிட்டு வாலை அதிரவிட்டுக்கொண்டு நிற்கிறான். அம்மா கைத்தடியை ஊன்றி வந்து இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கோர்ன் ஃபிளேக்ஸ் பெட்டியைக் கிழித்து அட்டையை இரண்டுக்கும் நடுவில் செருகினேன். அது கொஞ்சம் கட்டையாக இருந்ததால் அம்மா போய்ப் பழைய பஞ்சாங்கக் கலண்டரின் மட்டையைக் கொண்டுவந்து தந்தார். இப்போது அதுதான் அங்கே நிற்கிறது.